மூன்று நாள் தூரம், ஒன்பது நாள் கடல்: மாலத்தீவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா

இப்னு பதூதா (ரஹ்) என்றதும் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிப் புத்தகத்தில் படித்த ஒரு வரிதான் நினைவுக்கு வருகிறது. மொராக்கோவிலிருந்து வந்தவர், முஹம்மது பின் துக்ளக் காலத்து டில்லியைப் பற்றி எழுதிவைத்தவர். அவ்வளவுதான். அவர் நம் கடலில் தத்தளித்ததும், கப்பல் உடையும் நிலையில் ஓர் இரவு முழுக்க மரணத்தை எதிர்பார்த்திருந்ததும், விடிந்த பின் நம் கரையோர மக்கள் படகில் வந்து அவரை மீட்டதும் அந்த ஒரு வரிக்குள் அடங்குவதில்லை. அந்தக் கடற்பயணத்தையே இங்கே பேச நினைக்கிறோம்.

அவர் ஹிஜ்ரி 703 ரஜப் மாதத்தில் (1304) தன்ஜா நகரில் பிறந்தவர். பெர்பர் இனத்தவர். காழிகளைத் தந்த குடும்பம். மாலிகி மத்ஹபில் கல்வி பெற்றார். ஹிஜ்ரி 725இல் (1325), 21 வயதில், ஹஜ்ஜுக்கு என்று தனியாக வீட்டை விட்டுக் கிளம்பினார். மக்காவுக்குப் போனவர் அப்படியே திரும்பியிருந்தால் இன்று அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. எகிப்து, ஷாம், இராக், யமன், கிழக்கு ஆப்பிரிக்கா, துருக்கி, மத்திய ஆசியா என்று சுற்றி, 1333 வாக்கில் சிந்து நதியைக் கடந்து டில்லி வந்து சேர்ந்தார். அங்கே காழியானார். சில ஆண்டுகளுக்குப் பின் சீனப் பேரரசருக்கான காணிக்கைகளோடு சுல்தான் அவரைத் தூதராக அனுப்பினார்.

அந்தத் தூது கோழிக்கோட்டிலேயே முடிந்துபோனது. காணிக்கைகளும் ஆட்களும் கப்பலேறிவிட்ட நிலையில், மறுநாள் ஜும்ஆ தொழுகைக்காக இவர் மட்டும் கரையில் தங்கினார். அன்றிரவு அடித்த புயலில் காணிக்கைகள் இருந்த பெரிய கப்பல் நொறுங்கியது. இவருடைய உடைமைகள் இருந்த சிறிய கப்பல் புயலுக்குத் தப்பி, இவரை விட்டுவிட்டே போய்விட்டது. கரையில் மிஞ்சியவை ஒரு விரிப்பும் பத்து தீனாரும்தான். வெறுங்கையோடு டில்லிக்குத் திரும்பினால் துக்ளக் என்ன செய்வாரோ என்ற அச்சம். அங்குமிங்கும் அலைந்துவிட்டு, கடைசியில் மாலத்தீவுக்குக் கப்பலேறினார். பத்து நாளில் போய்ச் சேர்ந்தார்.

மாலத்தீவை அன்று ஆண்டவர் ஒரு பெண், சுல்தானா கதீஜா. நிர்வாகம் அவருடைய கணவரான வஸீர் ஜமாலுத்தீன் கையில் இருந்தது. டில்லியில் காழியாக இருந்தவர் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் இவரை விடவில்லை. காழி பதவி கொடுத்தார்கள். பெரிய குடும்பங்களில் பெண் கொடுத்தார்கள். ஒரே நேரத்தில் நான்கு மனைவியர் இருந்தார்கள். அவரும் தமக்குத் தெரிந்தபடி நீதி நடத்தினார். ஜும்ஆவுக்கு வராதவர்களுக்குச் சாட்டையடி விதித்தார். பெண்கள் இடுப்புக்கு மேல் மூடாமல் நடமாடும் வழக்கத்தை மாற்றப் பார்த்து, முடியாமல் விட்டார். திருட்டுக்குக் கை வெட்டும் தண்டனையைச் சொன்னபோது சபையில் இருந்த தீவுவாசிகள் சிலர் மயங்கி விழுந்தார்கள் என்று அவரே பதிவு செய்திருக்கிறார். மென்மையான மக்கள், அவர்களிடம் இன்னும் நிதானமாக நடந்திருக்கலாம் என்றே அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது நமக்குத் தோன்றுகிறது.

நாளாக ஆக வஸீருக்கும் காழிக்கும் இடையில் கசப்பு வளர்ந்தது. ஒரு வழக்கில் வஸீர் தலையிட, இவர் ஏற்கவில்லை. பதவியிலிருந்து விலகினார். ஊரை விட்டுப் புறப்படவும் முடிவு செய்தார். வஸீருக்கு இவர் போவதிலும் பயம் இருந்தது, அதற்குக் காரணமும் இருந்தது. எதிர்க் கரையில், அரபிகள் மஅபர் என்று அழைத்த நம் சோழமண்டலப் பகுதியில், மதுரையைத் தலைநகராகக் கொண்டு ஆண்டுகொண்டிருந்தவர் சுல்தான் கியாஸுத்தீன் தாமகானி. அவரும் இப்னு பதூதாவும் சகலைபாடிகள். மதுரை சுல்தான்களில் முதல்வரான ஜலாலுத்தீன் அஹ்ஸன் ஷாவின் ஒரு மகளை அவரும், இன்னொரு மகளை டில்லியில் இருந்தபோது இவரும் மணந்திருந்தார்கள். போகிறவர் சகலையின் படையைக் கூட்டி வந்துவிட்டால் என்ன செய்வது?

வஸீர் பயந்ததில் தவறில்லை. அதே எண்ணம் இப்னு பதூதாவின் மனதில் இருந்தது. மாலத்தீவின் பிரமுகர்கள் இருவரோடு இரகசியமாகப் பேசி, மஅபரிலிருந்து படையோடு திரும்புவது என்றும், வரும் கப்பல்களில் அடையாளமாக வெள்ளைக் கொடி ஏற்றுவது என்றும் ஏற்பாடு செய்துகொண்டார். உண்ண உணவும், இருக்க வீடும், கௌரவமான பதவியும் கொடுத்த தீவின் மீது படையெடுப்பதற்கான திட்டம்! இதை அவருடைய எதிரிகள் யாரும் எழுதிவைக்கவில்லை. தம் பயண நூலில் அவரே மறைக்காமல் சொன்னதால்தான் நமக்குத் தெரிகிறது. பெரியவர்களின் வரலாற்றை எழுதும்போது இப்படிப்பட்ட இடங்களைத் தாண்டிப் போகும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவரே தாண்டிப் போகாத இடத்தை நாம் ஏன் தாண்ட வேண்டும்?

புறப்படும்போது குடும்பத்தையும் கலைத்துக்கொண்டார். மனைவியரை மணவிலக்குச் செய்தார். ஒருவர் கருவுற்றிருந்தார்.

ஹிஜ்ரி 745 ரபீஉல் ஆகிர் நடுவில், அதாவது 1344 ஆகஸ்ட் மாதக் கடைசியில், கப்பல் மஅபரை நோக்கிக் கிளம்பியது. மூன்று நாள் பயணம் என்பது கணக்கு. இன்றைய அளவில் மாலேயிலிருந்து இலங்கையின் மேற்குக் கரைக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. காற்று ஒத்துழைத்தால்தான் அந்தக் கணக்கு சரிவரும்.

அன்றைய கப்பல்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆணி அடித்த கப்பல்கள் அல்ல அவை. தேங்காய் மட்டையைக் கரையோரக் குழிகளில் ஊறவைத்து, அடித்து, பெண்கள் கயிறாகத் திரிப்பார்கள். பலகைகளைத் துளைத்து அந்தக் கயிற்றால்தான் தைப்பார்கள். பாறையில் மோதினால் ஆணி அடித்த கப்பல் உடையும், தைத்த கப்பல் வளைந்து கொடுக்கும் என்பது இப்னு பதூதாவின் விளக்கம். கப்பலை ஓட்டுவது பாய். ஓலையில் முடைந்ததோ பருத்தித் துணியில் தைத்ததோ, உப்புக் காற்றிலும் வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் அடிபட்டால் நைந்துதான் போகும். நைந்த பாயில் காற்று தங்காது. பலமாக அடித்தால் கிழியும், மெதுவாக அடித்தால் கப்பல் நகராது. கரையில் என்றால் இறக்கித் தைக்கலாம். நடுக்கடலில் ஒட்டுப்போட்டுத்தான் சமாளிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஈடுகட்டக்கூடியது ஒன்றே ஒன்றுதான்: வழி தெரிந்த ஆள். நாம் மாலுமி என்று சொல்லும் சொல் அரபியின் முஅல்லிம் என்பதிலிருந்து வந்தது. மத்ரஸாவில் ஆசிரியருக்கு என்ன பெயரோ அதே பெயர்தான் கடலில் வழிகாட்டிக்கும். நட்சத்திரம், காற்று, தண்ணீரின் நிறம், பறவை பறக்கும் திசை எல்லாம் படித்தவர் அவர். இப்னு பதூதா ஏறிய கப்பலில் அப்படித் தேர்ந்த ஒருவர் இல்லை. அதை அவர் அழுத்திச் சொல்கிறார்.

மூன்று நாள் கழிந்தது, கரை தெரியவில்லை. நான்கு, ஐந்து, ஆறு என்று நாட்கள் ஓடின. அந்த நாட்களைப் பற்றி அவர் விரித்து எழுதவில்லை. மூன்று நாள் கணக்கில் ஏற்றிய குடிதண்ணீர் ஒன்பது நாள் எப்படி வந்திருக்கும் என்பதைக் கடலோரக் குடும்பங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பதாம் நாள் கண்ணில் பட்டது மஅபர் அல்ல. வானத்தில் புகைத்தூண் போல எழுந்து நின்ற ஒரு மலை. ஸரன்தீப் மலை, பாவா ஆதம் மலை. கப்பல் இலங்கைக்கு வந்திருந்தது!

கரை கிடைத்ததே என்று மகிழவும் முடியவில்லை. அது ஆரியச் சக்கரவர்த்தியின் துறைமுகம், அவர் கொடியவர், கடலில் கொள்ளையடிக்கக் கப்பல்கள் வைத்திருப்பவர், வியாபாரிகள் தைரியமாக நுழையும் இடமல்ல என்று கப்பலோட்டிகள் நடுங்கினார்கள். இந்த ஆரியச் சக்கரவர்த்திதான் யாழ்ப்பாணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு வட இலங்கையை ஆண்ட தமிழ் மன்னர். இறங்கப் பயம். அதற்குள் காற்றும் ஏறியது. கடலில் நின்றால் மூழ்க வேண்டும், கரைக்குப் போனால் கொள்ளை போக வேண்டும் என்ற நிலையில், தன்னைக் கரையில் இறக்கிவிடும்படி இப்னு பதூதா கேட்டார். மன்னரிடம் அபயம் வாங்கித் தருவது தம் பொறுப்பு என்றார். அப்படியே இறங்கினார். சூழ்ந்துகொண்டவர்களிடம், தாம் மஅபர் சுல்தானின் சகலை என்றும் நண்பர் என்றும் அறிமுகம் செய்துகொண்டார். கப்பலில் இருப்பவை அந்த சுல்தானுக்கான அன்பளிப்புகள் என்றும் சொன்னார். இது முழு உண்மையா, உயிருக்காகச் சற்று நீட்டிச் சொன்னதா என்ற ஆராய்ச்சியை வாசகருக்கே விட்டுவிடுகிறோம். எப்படியோ, அந்த உறவின் பெயர் அன்று ஒரு கப்பல் ஆட்களைக் காப்பாற்றியது.

அவரை மன்னரிடம் அழைத்துப் போனார்கள். புத்தளத்தில் இருந்தார் மன்னர். மரத்தால் மதில் கட்டிய சிறிய, அழகான ஊர் அது. ஆற்று வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் கடற்கரையில் குன்று குன்றாகக் கிடந்தன. மஅபரிலிருந்தும் மலபாரிலிருந்தும் வருகிறவர்கள் துணி போன்றவற்றை மன்னருக்குக் கொடுத்துவிட்டு அவற்றை ஏற்றிப் போவார்களாம். கொடியவர் என்று கேள்விப்பட்ட அந்த மன்னர் எழுந்து நின்று வரவேற்றார். பக்கத்தில் அமர்த்தினார். பாரசீகம் அவருக்குப் புரிந்ததால் பேச்சுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. மூன்று நாள் விருந்து. முத்துக் குளித்து எடுத்து வந்தவற்றை அவர் முன்னிலையில் தரம் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், விருந்தாளிக்கும் சில முத்துக்களைக் கொடுத்தார்.

வேறு என்ன வேண்டும் என்று மன்னர் கேட்டபோது, பாவா ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்ற ஒன்றைத்தான் இவர் கேட்டார். ஆதம் (அலைஹிஸ்ஸலாம்) அவர்கள் இறக்கப்பட்ட இடம் எது என்று குர்ஆன் சொல்லவில்லை. ஸரன்தீப் என்பது பழைய அறிவிப்புகளில் வரும் செய்தி. அந்தக் காலத்து அரபு, பாரசீகப் பயணிகள் அதை நம்பியே வந்தார்கள். மன்னர் பல்லக்குக் கொடுத்தார். வழி தெரிந்த நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், தம் ஆட்கள் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று ஒரு கூட்டத்தையே அனுப்பிவைத்தார். கப்பல் தலைவரோ, ஓராண்டு ஆனாலும் இவர் இல்லாமல் பாய் விரிக்க மாட்டேன் என்று புத்தளத்திலேயே தங்கிவிட்டார். அவருக்கும் மன்னர் விருந்தோம்பினார். இந்தப் பயணத்தில் நமக்கு மிகவும் பிடித்த மனிதர் அந்தத் தலைவர்தான். கடல்வழி அவருக்குச் சரியாகத் தெரியாமல் இருக்கலாம், நன்றி தெரிந்திருந்தது.

மலையேற்றத்தை நீட்டவில்லை. பாறையில் பொருத்திய இரும்புச் சங்கிலிகளைப் பிடித்து ஏற வேண்டிய வழி. அதில் ஒன்றுக்கு ஷஹாதாச் சங்கிலி என்று பெயர். அங்கே நின்று கீழே பார்த்தவர் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் கலிமாவைச் சொல்லிவிடுவாராம். இறங்கி தெவிநுவர, காலி, கொழும்பு வழியாகப் புத்தளம் திரும்பினார். காத்திருந்த கப்பல் மஅபரை நோக்கிப் புறப்பட்டது.

இந்த முறை தூரம் மிகக் குறைவு. ஆபத்துதான் அதிகம். காற்று முறுகியது, தண்ணீர் கப்பலுக்குள் ஏறும் நிலை வந்தது. தேர்ந்த மாலுமி இப்போதும் இல்லை. பாறைகளுக்கு அருகில் போய் நூலிழையில் தப்பியது கப்பல். பிறகு ஆழமில்லாத பகுதிக்குள் நுழைந்து தரை தட்டியது. பாரத்தைக் குறைக்க ஆளாளுக்குத் தங்கள் சாமான்களைக் கடலில் வீசினார்கள். ஒருவரிடம் ஒருவர் விடைபெற்றுக்கொண்டார்கள். பாய்மரத்தையும் வெட்டிக் கடலில் தள்ளினார்கள். பாய்மரம் போன பிறகு கப்பல் என்பது மிதக்கும் மரம் மட்டுமே. கரை இரண்டு ஃபர்ஸக் தூரத்தில், ஏறக்குறைய 11 கிலோமீட்டரில் இருந்தது. கப்பலோட்டிகள் பலகைகளைச் சேர்த்து ஒரு தெப்பம் கட்டினார்கள்.

அந்தத் தெப்பத்தில் எல்லோருக்கும் இடமில்லை. இப்னு பதூதா இறங்கப் போனார். அவரோடு இரண்டு தோழர்களும் இரண்டு அடிமைப் பெண்களும் இருந்தார்கள். அடிமை முறை உலகம் முழுவதும் நிலவிய காலம் அது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. எங்களை விட்டுவிட்டா இறங்குகிறீர்கள் என்று தோழர்கள் கேட்டுவிட்டார்கள். அவர் நின்றார். தமக்கு நீச்சல் சரியாக வராது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் தோழர்கள் இருவரையும், தமக்குப் பிரியமான பெண்ணையும் தெப்பத்தில் இறங்கச் சொன்னார். இன்னொரு பெண், தனக்கு நன்றாக நீந்தத் தெரியும், தெப்பத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று கடலில் குதித்தாள். அவளுடைய பெயரை வரலாறு பதிவு செய்யவில்லை. அந்தக் கப்பலில் தன் உயிருக்குத் தானே வழி கண்டவர்களில் அவளும் ஒருத்தி. இரத்தினங்கள், அம்பர் முதலிய மதிப்புள்ள பொருட்களையும் தோழர்கள் கையில் கொடுத்துவிட்டு, அவர் கப்பலில் தங்கினார். காற்று கரைப்பக்கமாக அடித்ததால் தெப்பம் பத்திரமாகச் சேர்ந்தது.

ஒரு தீவின் மீது படை கொண்டுவர வேண்டும் என்ற கோபத்தோடு கப்பலேறிய அதே மனிதர்தான் இவர். தம் இடத்தைப் பிறருக்குக் கொடுத்துவிட்டு உடைந்த கப்பலில் நிற்கிறார்.

மீதி இருந்தவர்கள் நான்கு தெப்பங்கள் கட்டத் தொடங்கினார்கள். கட்டி முடியுமுன் இருட்டிவிட்டது. கப்பலுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. அவர் பின்பக்க மேல்தட்டில் ஏறிக்கொண்டார். விடியும்வரை அங்கேதான்.

விடிந்ததும் கரையிலிருந்து ஒரு படகு வந்தது. அந்தப் பகுதியைச் சேர்ந்த, முஸ்லிமல்லாத மக்கள். எல்லோரையும் மஅபர் கரையில் சேர்த்தார்கள். தாங்கள் அந்நாட்டு சுல்தானுக்கு வேண்டியவர்கள் என்று கப்பலில் வந்தவர்கள் சொன்னபோது, சுல்தானுக்குச் செய்தி எழுதி அனுப்பவும் உதவினார்கள். அவர் அப்போது இரண்டு நாள் தூரத்தில் போர் முகாமில் இருந்தார். காத்திருந்த மூன்று நாளும் சாப்பாடு இந்த மக்களின் கையால்தான். நல்ல மீன் கொடுத்தார்கள். தர்பூசணி போன்ற ஒரு பழமும் கொடுத்தார்கள். உள்ளே பஞ்சு போன்ற நார், அதில் தேன் போன்ற சாறு, அதைப் பிழிந்து இனிப்புச் செய்கிறார்கள் என்று வியந்து எழுதியிருக்கிறார். இராமநாதபுரத்துப் பிள்ளைகளிடம் இதைப் படித்துக் காட்டினால் பனம்பழம் என்று அடுத்த நொடியே சொல்லிவிடும்.

பிறகு சுல்தானின் ஆட்கள் பல்லக்கும் குதிரைகளும் கொண்டு வந்து அழைத்துப் போனார்கள். கியாஸுத்தீன் மரியாதையாக வரவேற்றார். மாலத்தீவு விஷயத்தைக் கேட்டதும் உற்சாகமானார். கப்பல்களைத் தயார் செய்ய உத்தரவும் போட்டார். ஆனால் இன்னும் மூன்று மாதத்துக்கு அந்தக் கடலில் போக முடியாது என்று கடற்படைத் தலைவர் கையை விரித்துவிட்டார். அந்த இடைவெளியில் தம் சகலையின் ஆட்சியை அருகிலிருந்து பார்க்க நேர்ந்தது. பிடிபட்ட எதிரிகளோடு அவர்களுடைய பெண்களையும் குழந்தைகளையும்கூட சுல்தான் கொன்றதைக் கண்டு அவர் அதிர்ந்தார். இப்படிப்பட்ட இழிசெயலை வேறு எந்த மன்னரும் செய்து தாம் அறிந்ததில்லை என்ற கருத்தில் அவர் எழுதினார். உறவு என்பதற்காக மழுப்பவில்லை. மதுரையில் கொள்ளைநோய் பரவியது. சுல்தானும் விரைவில் மரணமடைந்தார். அடுத்து வந்த நாஸிருத்தீன் மாலத்தீவுப் படையெடுப்பை நடத்தித் தரத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் கடுங்காய்ச்சலில் விழுந்து எழுந்த இப்னு பதூதாவுக்கு அதற்கு மேல் அங்கே தங்க விருப்பமில்லை. விடைபெற்று கொல்லத்துக்குப் போனார். வெள்ளைக் கொடி எந்தக் கப்பலிலும் ஏறவில்லை.

பிறகு மேற்குக் கரையில் பன்னிரண்டு கொள்ளைக் கப்பல்கள் அவருடைய கப்பலை வளைத்தன. இலங்கை மன்னர் கொடுத்தவை உட்பட எல்லாம் போயின. உடுத்தியிருந்த கால்சட்டை ஒன்றுதான் மிஞ்சியது. கோழிக்கோட்டுக்கு வந்து ஒரு பள்ளிவாசலில் ஒதுங்கினார். அங்கேதான் மாலத்தீவுச் செய்தி கிடைத்தது. வஸீர் ஜமாலுத்தீன் இறந்துவிட்டார். கருவுற்றிருந்த மனைவிக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது.

மறுபடியும் பத்து நாள் கடல். இந்த முறை படை இல்லை, சுல்தானின் சகலை என்ற மிடுக்கும் இல்லை. மகனைப் பார்க்க வந்த தகப்பன், அவ்வளவுதான். குழந்தையைக் கூட்டிப்போய்விடுவாரோ என்று அஞ்சிய தாய், புதிய வஸீரிடம் முறையிட்டார். குழந்தையைத் தகப்பனிடமிருந்து தடுக்க முடியாது என்பது வஸீரின் பதில். ஆக, கூட்டிப் போகும் உரிமை அவருக்கு இருந்தது. மகனைக் கொண்டுவந்து காட்டினார்கள். பார்த்தார். இந்தத் தீவில் தாயோடு இருப்பதே பிள்ளைக்கு நல்லது என்று அவருக்குத் தோன்றியது. அங்கேயே விட்டுவிட்டார்.

அதன் பின் அவர் வங்காளம், சுமத்ரா, சீனம் என்று போனதும், 1349இல் மொராக்கோ திரும்பியபோது சில மாதங்களுக்கு முன்னரே தாயார் கொள்ளைநோயில் இறந்துவிட்டதை அறிந்ததும், அந்தலூஸ், மாலி நாடுகளைப் பார்த்ததும், 1355இல் எல்லாவற்றையும் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் எழுதி முடித்ததும் தனிக் கதை. கடைசிக் காலத்தில் மொராக்கோவில் காழியாக இருந்து, ஹிஜ்ரி 770 வாக்கில் காலமானார். மாலத்தீவிலோ அவர் அதிக நாள் தங்கவில்லை. சில நாட்களில் வங்காளத்துக்குக் கப்பலேறினார். அந்தக் கடல் 43 நாள்.